வெரெஷ்சாகின்: களத்தில் நின்று வரைந்தவர்

கொல்கத்தாவின் விக்டோரியா நினைவு மண்டபத்தில், ஏறத்தாழ 7 மீட்டர் அகலமும் 5 மீட்டர் உயரமும் கொண்ட ஓர் எண்ணெய் வண்ண ஓவியம் இருக்கிறது. 1876-ஆம் ஆண்டு ஜெய்ப்பூருக்கு வருகை தந்த வேல்ஸ் இளவரசர், அலங்கரிக்கப்பட்ட யானையின் மீது அமர்ந்து நகருக்குள் ஊர்வலமாகப் போகும் காட்சி அது. சில ஆண்டுகளுக்கு முன் முதன்முதலாக அதன் எதிரே நின்றபோது, லண்டன் அரசவையைச் சேர்ந்த ஏதோ ஓர் ஆங்கில ஓவியரின் படைப்பு என்றே நினைத்தேன். பெயர்ப்பலகையில் இருந்ததோ ஒரு ரஷ்யப் பெயர்: வசீலி வெரெஷ்சாகின். அந்தப் பெயரைத் தேடிப் படிக்கத் தொடங்கியவன், இன்றுவரை படித்துக்கொண்டிருக்கிறேன். யானை ஊர்வலத்தை வரைந்த அதே கை, வரைவதற்குச் சில ஆண்டுகள் முன்பு ஒரு முற்றுகையில் துப்பாக்கி ஏந்திப் போரிட்டிருந்தது என்று அறிந்தபோது ஏற்பட்ட வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

வெரெஷ்சாகின் 1842-இல் வடக்கு ரஷ்யாவின் செரெப்போவெத்ஸ் என்ற ஊரில் ஒரு நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்தார். அந்தக் குடும்பத்து ஆண்பிள்ளைகளுக்குப் பெற்றோர் வகுத்து வைத்திருந்த வழி படைப்பணிதான். எட்டு வயதிலேயே வீட்டைவிட்டுப் பிரிக்கப்பட்டு ராணுவப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். பிறகு பீட்டர்ஸ்பர்க்கிலிருந்த கடற்படைப் பயிற்சிப் பள்ளிக்குப் போனார். படிப்பில் எப்போதும் முதலிடம் அவருக்கே. ஆனால் கப்பல் ஏறினால் தலைசுற்றலும் குமட்டலும் அவரை வாட்டின. மனமோ ஓவியத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. 1860-இல் முதல் மாணவராகத் தேறிய கையோடு கடற்படையைத் துறந்து, பெற்றோர் கடுமையாக எதிர்த்தபோதும் அரசுக் கலைக்கழகத்தில் சேர்ந்தார். (அவருடைய அண்ணன் நிக்கொலாயும் கடற்படையை விட்டவர்தான். ரஷ்யக் கிராமங்களில் பாற்கட்டியும் வெண்ணெயும் செய்யும் கூட்டுறவுத் தொழிலை வளர்த்தவர் என்ற புகழ் அவருக்கு உண்டு. அந்த வீட்டில் சொன்ன சொல்லுக்கு அடங்கும் பிள்ளைகள் அதிகம் இல்லை போலும்.)

கலைக்கழகத்தில் அன்று கற்றுக்கொடுத்தது கிரேக்கப் புராணமும் விவிலியக் காட்சிகளும். ஒடிசியஸ், தன் மனைவியை அடையப் போட்டியிட்டவர்களைக் கொல்லும் காட்சியை வரைந்து பரிசு பெற்ற வெரெஷ்சாகின், அதன் பெரிய வரைவைத் தானே தீயிலிட்டார். கண்ணால் காணாத ஒன்றை வரைவதில் தனக்கு ஈடுபாடு இல்லை என்பதை இப்படி வெளிப்படுத்தியவர், காக்கசஸ் மலைநாட்டில் அலைந்து மக்களை வரைந்தார். பாரிஸ் சென்று ஜெரோம் என்ற புகழ்பெற்ற ஓவியரிடம் பயின்றார். அங்கும் பழைய சிற்பங்களைப் பார்த்துப் பிரதி எடுக்கும் பயிற்சியில் அவரால் பொருந்த முடியவில்லை.

1867-இல், ரஷ்யா மத்திய ஆசியாவில் கைப்பற்றிய துருக்கிஸ்தானின் ஆளுநராக நியமிக்கப்பட்ட தளபதி காஃப்மன், படையோடு வருவதற்கு ஓர் ஓவியரைத் தேடினார். கீழ்நிலை அதிகாரி ஒருவருக்குரிய பதவியுடன் வெரெஷ்சாகின் புறப்பட்டார். 1868 மே மாதம் சமர்கந்து ரஷ்யப் படையிடம் வீழ்ந்தது. அதற்கு மறுநாள் அவர் அந்நகரை அடைந்தார். மத்திய ஆசியாவின் பழைய பேரரசரான தைமூரின் கல்லறையும் நீல ஓடு பதித்த மசூதிகளும் இருந்த அந்நகரில் அமைதியாக அமர்ந்து வரையலாம் என்பதே அவர் எண்ணமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் புகாரா அமீரின் படையைத் துரத்திக்கொண்டு காஃப்மன் முதன்மைப் படையுடன் அகன்றதும், நோயாளிகளையும் சேர்த்துச் சில நூறு பேர் மட்டுமே எஞ்சியிருந்த கோட்டையைப் பல்லாயிரம் பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

அந்த முற்றுகை ஏறத்தாழ ஒரு வாரம் நீடித்தது. வீழ்ந்த ஒரு சிப்பாயின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வெரெஷ்சாகின் மதில் உடைந்த இடத்துக்கு ஓடினார். உடைந்த வாயில்களில் கைகலப்பாக நடந்த சண்டைகளில் வீரர்களுக்கு முன்னால் நின்றார். காஃப்மன் திரும்பி வந்து முற்றுகை விலகிய பின், கோட்டையைப் பலப்படுத்தாமல் விட்டுப் போனதற்காக அந்த ஆளுநரையே, அதிகாரிகள் சூழ்ந்திருக்க, முகத்துக்கு நேராகக் கடிந்துகொண்டார். ஆனாலும் வீரத்துக்கான புனித ஜார்ஜ் சிலுவையின் நான்காம் வகுப்பு அவருக்குக் கிடைத்தது. வாழ்நாளில் அவர் ஏற்று அணிந்த ஒரே விருது அதுதான். பிற்காலத்தில் வந்த பட்டங்களையும் பதக்கங்களையும் ஒவ்வொன்றாக மறுத்தவர் இதை மட்டும் கழற்றவில்லை என்பதை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். அந்தச் சிலுவை ஓவியத்துக்காகக் கொடுக்கப்பட்டதல்ல. அருகில் நின்று செத்தவர்களோடு தானும் நின்றதற்குச் சான்று.

அந்த நாட்களில் அவர் கண்ட ஒரு காட்சி 1873-இல் ஓவியமாயிற்று. நெஞ்சில் குண்டு பாய்ந்த ஒரு சிப்பாய், காயத்தை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு, தான் ஏற்கெனவே இறந்துவிட்டதை உடல் இன்னும் உணராதது போல ஓடுகிறான். போர் ஓவியம் என்றால் குதிரைமேல் தளபதி, பறக்கும் கொடி, அழகாகச் சாய்ந்து விழும் வீரன் என்று பழகியிருந்த ஐரோப்பாவுக்கு, இந்தத் தள்ளாட்டம் புதியது. சாகிறவன் எப்படிக் கால் வைப்பான் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்த ஒருவரால்தான் இதை வரைந்திருக்க முடியும்.

ம்யூனிக் நகரில் 1871 முதல் மூன்றாண்டுகள் உழைத்துத் துருக்கிஸ்தான் ஓவியங்களை அவர் முடித்தார். வெந்து வறண்ட நிலத்தில் மண்டையோடுகளாலான கூம்பு, மேலே காகங்கள், பட்ட மரங்கள், பின்னணியில் பாழடைந்த நகரம். ‘போரின் உச்சப்புகழ்’ என்று தமிழில் சொல்லத்தக்க அந்த ஓவியம் தைமூரின் வெற்றிச் சின்னங்களை நினைவில் வைத்துத் தொடங்கப்பட்டது. ஆனால் அதன் சட்டத்தில், கடந்த காலத்திலும் நிகழ்காலத்திலும் இனி வரும் காலத்திலும் தோன்றும் எல்லாப் பெரும் வெற்றியாளர்களுக்கும் இது காணிக்கை என்று அவர் எழுதி வைத்தார். ‘நிகழ்காலம்’ என்ற அந்தச் சொல் யாரைச் சுட்டுகிறது என்று ரஷ்யத் தளபதிகளுக்குப் புரியாமல் இருந்திருக்காது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த வரிசையின் ஒரு பகுதிக்கு அவர் வைத்த பெயர் ‘காட்டுமிராண்டிகள்’. வெட்டப்பட்ட ரஷ்யத் தலைகளைக் கம்பங்களில் செருகி வெற்றி கொண்டாடும் மத்திய ஆசியர்களைத்தான் அப்படி அழைத்தார். அவர்களுடைய ஊருக்குள் படையெடுத்து வந்தவர்கள் யார் என்ற கேள்வி அந்தத் தலைப்பில் இல்லை. அடிமை வணிகம் நடந்த நாட்டில் ரஷ்ய ஆட்சி நன்மை தரும் என்று அவர் நம்பினார். தன் பேரரசின் கண்ணாடி வழியாகத்தான் அவரும் பார்த்தார். இந்தக் குறையை மன்னித்து விட்டு அவரைப் போற்ற என்னால் முடியவில்லை. ஆனால் அதே கண்ணாடி, சொந்தப் படையைப் பார்க்கும்போது ஏமாற்றவில்லை என்பதும் உண்மை.

அதற்கான விலையை அவர் 1874-இல் கொடுத்தார். பீட்டர்ஸ்பர்க் கண்காட்சியில் வைக்கப்பட்ட ‘மறக்கப்பட்டவன்’ என்ற ஓவியத்தில், வெட்டவெளியில் கைவிடப்பட்ட ஒரு ரஷ்யச் சிப்பாயின் உடலை நோக்கிப் பறவைகள் கூட்டமாக வருகின்றன. இறந்த தோழனை எங்கள் படை ஒருபோதும் விட்டு வந்ததில்லை, இது அவதூறு என்று காஃப்மன் முதலியோர் குற்றம் சாட்டினார்கள். தேசப்பற்று இல்லாதவன் என்ற பேச்சு எழுந்தது. வெரெஷ்சாகின் அந்த ஓவியத்தையும் வேறு இரண்டையும் சட்டத்திலிருந்து வெட்டியெடுத்து எரித்துவிட்டார். எரிந்த ஓவியத்தை வைத்து இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கி ஒரு பாடலை இயற்றினார். அது இன்றும் பாடப்படுகிறது. அவதூறு என்று சொன்னவர்கள் உண்மையில் அந்தக் களத்தில் எல்லா உடல்களையும் எண்ணிப் பார்த்திருப்பார்களா? உடன் நின்று போரிட்டவனின் சாட்சியத்தை, போரிட்ட படையே நம்ப மறுத்த அந்த நாள் அவரை எவ்வளவு நொறுக்கியிருக்கும் என்று நினைக்கையில் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. மற்ற ஓவியங்களைத் தொகுப்பாக மாஸ்கோ வணிகர் த்ரெத்யாகோவ் 92,000 ரூபிளுக்கு வாங்கிக் காப்பாற்றினார்.

கண்காட்சி முடிவதற்கு முன்பே அவர் மனைவி எலிசபெத்துடன் இந்தியாவுக்குப் புறப்பட்டிருந்தார். கலைக்கழகம் தனக்குப் பேராசிரியர் பட்டம் அளித்த செய்தி பம்பாயில் இருந்தபோது எட்டியது. கலையில் பதவிகளும் சிறப்புகளும் முழுக்கவே கேடானவை என்று கருதுவதால் ஏற்க மறுக்கிறேன் என்று ஒரு செய்தித்தாளுக்கு அங்கிருந்தே எழுதியனுப்பினார். ஆக்ரா, தில்லி, ஜெய்ப்பூர், சிக்கிம், காஷ்மீர், லடாக் என 1876 வரை சுற்றினார். சிக்கிமின் பனிமலைகளில் இருவரும் உறைந்து சாக இருந்து தப்பினார்கள். வெண்ணிற வெயிலில் தாஜ்மகால் நீரில் பிரதிபலிக்கும் அவருடைய ஓவியத்தைப் பார்த்தால், சமர்கந்தைக் கண்ட அதே மனிதரா என்று தோன்றும்.

1877-இல் ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் போர் மூண்டபோது, பாரிஸ் அருகே வசதியான பணிக்கூடத்தை விட்டுவிட்டு ஊதியமின்றி மீண்டும் படையில் சேர்ந்தார். உண்மையான போரைச் சமுதாயத்துக்குக் காட்ட வேண்டுமென்றால் அழகான தொலைவிலிருந்து தொலைநோக்கி வழியே பார்த்தால் போதாது. தாக்குதலிலும் தோல்வியிலும் பங்குகொண்டு, பசியையும் குளிரையும் காயத்தையும் உடலில் உணர வேண்டும் என்ற கருத்தை அவர் த்ரெத்யாகோவுக்கு எழுதினார். அந்த ஜூன் மாதமே, தன் பழைய கடற்படைப் பள்ளித் தோழரான ஸ்கிரிட்லோவ் செலுத்திய ‘ஷூத்கா’ என்ற சிறு படகில் ஏறிக்கொண்டார். டான்யூப் ஆற்றில் ஒரு துருக்கிக் கப்பலை வெடிவைத்துத் தகர்க்கச் சென்ற படகு அது. வெடி இயங்கவில்லை. தொடையில் பாய்ந்த குண்டு புண்ணாகிக் காலையே இழக்கும் நிலைக்குக் கொண்டுபோயிற்று. புகாரெஸ்ட் மருத்துவமனையில் வாரக்கணக்கில் கிடந்தார்.

புண் முழுதாக ஆறும் முன்பே, துருக்கியர் காத்துநின்ற பல்கேரிய நகரமான பிளெவ்னாவுக்குப் போனார். செப்டம்பர் 11-ஆம் நாள் ஜார் மன்னரின் பெயர்த் திருநாள், அதாவது அவர் பெயர் கொண்ட புனிதரின் நாள். அந்த நாளில் மூன்றாவது பெருந்தாக்குதல் நடத்தப்பட்டது. ரஷ்யத் தரப்பில் மட்டும் 12,000 பேருக்கு மேல் இறந்தும் காயமுற்றும் போனார்கள். அந்தத் தாக்குதலில் அவருடைய தம்பி செர்கேய் கொல்லப்பட்டார்; இன்னொரு தம்பி அலெக்சாந்தர் காயமடைந்தார். செர்கேயின் உடல் கிடைக்கவில்லை. மூன்று மாதம் கழித்து பிளெவ்னா சரணடைந்த பின், தம்பி விழுந்த இடத்துக்குப் போய் எலும்புக்கூடுகளுக்கு இடையே தேடியலைந்தார். எது தம்பி என்று தெரியவில்லை.

இதன் பின் அவர் வரைந்த இரண்டு படங்களைச் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒன்றில், குன்றின் மேல் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார் ஜார், பின்னால் பரிவாரம், போர் என்பது தொலைவில் தெரியும் வெண்புகை மட்டும். இன்னொன்றின் பெயர் ‘தோற்றவர்கள்: இறுதி வழிபாடு’. பழுத்த புல்வெளியில் ஒரு பாதிரியாரும் ஓர் அதிகாரியும் மட்டும் நிற்கிறார்கள். முதலில் புல்லாகத் தெரிவது, கண் பழகியதும் நூற்றுக்கணக்கான வெற்றுடல்களாகத் துலங்குகிறது. இரண்டும் ஒரே போர். நாற்காலி போட்டிருந்த இடத்துக்கும் புல்வெளிக்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் அவர் வரைந்தார். தம்பியின் எலும்பை அடையாளம் காண முடியாமல் திரும்பியவர் அந்தப் புல்லை வரையும்போது கண்ணீர் வந்து தடுத்தது என்று எழுதியிருக்கிறார்.

அதே போரில் ரஷ்யப் படை காவல் காத்த பல்கேரியாவின் ஷிப்கா கணவாய் பற்றிய மூன்று துண்டு ஓவியம் என் வீட்டில் அச்சுப்படியாக இருக்கிறது. முதல் துண்டில் கடும் பனிப்புயலில் ஒரு காவல் சிப்பாய் நிற்கிறான். இரண்டாவதில் பனி ஏறிவிட்டது, அவன் குனிந்துவிட்டான். மூன்றாவதில் அவன் நின்ற இடத்தில் ஒரு பனிமேடு. ‘ஷிப்காவில் எல்லாம் அமைதி’ என்பது தலைப்பு. தளபதி ராதெத்ஸ்கி மேலிடத்துக்கு அனுப்பிவந்த அறிக்கைகளின் வாசகம் அது. அந்தக் குளிர்காலத்தில் கணவாயில் குண்டுபட்டு விழுந்தவர்களைக் காட்டிலும் குளிராலும் நோயாலும் விழுந்தவர்கள் பன்மடங்கு. ராணுவத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்து, லடாக்கில் இரண்டு குளிர்காலங்களைக் கழித்துவந்த என் அப்பாவிடம் இந்தப் படத்தைக் காட்டினேன். ஓவியத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. நெடுநேரம் பார்த்துவிட்டு, “ரிலீவர் வரலை” என்று மட்டும் சொன்னார். நான் அந்தப் படத்தில் பனியைப் பார்த்திருந்தேன், சாவைப் பார்த்திருந்தேன். காவல் மாற்ற வரவேண்டியவன் வரவில்லை, அனுப்ப வேண்டியவன் அனுப்பவில்லை என்ற நடைமுறைத் தவறு என் கண்ணுக்குப் படவே இல்லை. படையில் இருந்தவர் வரைந்ததைப் படையில் இருந்தவர் படித்த விதம் அது.

ஐரோப்பிய நகரங்களில் இந்த ஓவியங்களை அவர் இருட்டாக்கிய கூடங்களில், மின்விளக்கு ஒளியில், இசையோடு, எளியவர்களும் வாங்கக்கூடிய விலையில் சீட்டு வைத்துக் காட்டினார். 1881-இல் வியன்னாவில் ஒரு மாதத்துக்குள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வந்து பார்த்தார்கள். 1882-இல் பெர்லினில் நடந்த கண்காட்சியைத் தாமே வந்து பார்த்த ஜெர்மானியப் படைத் தலைவர் மோல்ட்கே, சிப்பாய்கள் அங்கே போகக் கூடாது என்று தடை விதித்தார். ஓவியத்தின் ஆற்றலை அந்தக் காலத்துக் கலை விமர்சகர்களைவிட நன்றாக அறிந்திருந்தவர் மோல்ட்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்திய வாசகர்கள் மறக்கக் கூடாத ஓவியம் ஒன்று உண்டு. 1882-இல் இரண்டாம் முறை இந்தியா வந்து சென்றபின், ஆங்கிலேயர்கள் கைதிகளைப் பீரங்கி வாயில் கட்டிச் சுடும் தண்டனையை அவர் வரைந்தார். வெள்ளுடையும் தலைப்பாகையும் அணிந்தவர்கள் வரிசையாகப் பீரங்கிகளோடு பிணைக்கப்பட்டிருக்க, முன்னால் நிற்பவர் ஒரு வெண்தாடிக் கிழவர். பீரங்கியருகே நிற்பவர்களின் சீருடை சிப்பாய்க் கிளர்ச்சி நடந்த 1857-ஆம் ஆண்டினுடையது அல்ல, ஓவியர் வாழ்ந்த காலத்தினுடையது. லண்டனில் 1887-இல் காட்டப்பட்டபோது, அது பழைய கதை என்ற மறுப்பு எழுந்தது. ஆனால் 1872-இல்தான் பஞ்சாபின் மாலேர்கோட்லாவில் நாம்தாரி என்ற பிரிவைச் சேர்ந்த சீக்கியர் பலர் இவ்வாறே கொல்லப்பட்டிருந்தனர். நமக்கோ அது இன்னும் பழைய நினைவு: 1806-இல் வேலூர்க் கோட்டைக் கிளர்ச்சிக்குப் பின் சிப்பாய்கள் அறுவரை இதே முறையில்தான் கொன்றார்கள். அந்த மூல ஓவியம் இன்று எங்கிருக்கிறது என்பது வெளியுலகுக்குத் தெரியாது. நிழற்படங்களின் வழியாகவே நமக்குக் கிடைக்கிறது. யானை ஊர்வலம் மட்டும் கொல்கத்தாவில் பத்திரமாக இருக்கிறது. அதே வரிசையில், ரோமானியர் சிலுவையில் அறைவதையும், தன் சொந்த நாட்டில் சதிகாரர்களைத் தூக்கிலிடுவதையும் அவர் வரைந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

பிற்காலத்தில் நெப்போலியனின் 1812 படையெடுப்பைப் பற்றி இருபது ஓவியங்கள் வரைந்தார். பிலிப்பைன்ஸ், கியூபா, ஜப்பான் என்று பயணம் செய்தார். ஜப்பானின் கோயில்களை அன்போடு வரைந்து திரும்பிய மறு ஆண்டே, 1904-இல், அந்நாட்டோடு போர் மூண்டது. அவரைச் சமாதானத் தூதராக மட்டும் காண விரும்புகிறவர்களுக்குச் சங்கடம் தரும் செய்தி இது: போரை உறுதியாக நடத்த வேண்டும் என்று ஜார் நிக்கொலாஸுக்கு அவர் கடிதங்கள் எழுதினார். போரின் கொடுமையை அவரைப்போல் காட்டியவர் இல்லை. தன் நாடு போரில் இறங்கியபின் விலகி நிற்கவும் அவரால் முடியவில்லை. இந்த இரண்டையும் நான் சமன்செய்து பார்க்க முயன்று கைவிட்டுவிட்டேன்.

அப்போது அவருக்கு 61 வயது. மாஸ்கோ அருகே வீடு, இரண்டாம் மனைவி, சிறு பிள்ளைகள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரயிலேறி போர்ட் ஆர்தர் துறைமுகத்துக்குச் சென்றார். அங்கே கடற்படைத் தலைவர் மகரோவ் அவரைத் தன் தலைமைக் கப்பலான ‘பெத்ரொபாவ்லோவ்ஸ்க்’கில் ஏற்றிக்கொண்டார். ஏப்ரல் 13-ஆம் நாள் காலை, ஜப்பானியர் இரவில் கடலில் வைத்திருந்த கண்ணிவெடியில் அந்தப் போர்க்கப்பல் மோதியது. வெடிமருந்துக் கிடங்கும் சேர்ந்து வெடிக்க, இரண்டு நிமிடங்களுக்குள் மூழ்கியது. மகரோவ் உட்பட 600-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டனர். தப்பியவர்கள் சுமார் எண்பது பேர். வெடிப்புக்குச் சற்று முன் வெரெஷ்சாகினைப் பார்த்தவர்கள், அவர் மேல்தளத்தில் வரைபுத்தகத்தோடு நின்று கடலை வரைந்துகொண்டிருந்ததாகச் சொன்னார்கள். இளவயதில் கப்பல் ஆகாது என்று கரையேறியவரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.